பறவை, உண்ணி, காய்ச்சல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்சப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. காட்டுப் பறவைகளின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணிகளுக்குள் நோய் உண்டாக்கும் பக்டீரியாக்கள் இருக்கின்றனவாம். வலசை போகும் பறவைகள் அவற்றை நாடு விட்டு நாடு காவிக்கொண்டு போகின்றனவாம். மாரி தொடங்கி, குளங்களில் புதுப் பறவைகள் வந்து இறங்கும் நேரம் பார்த்து இது வந்தால் கேள்வி கிளம்பாமல் இருக்குமா? நான் இலங்கையின் வடக்கே வன்னியில் கால்நடைப் பக்கம் வேலை செய்பவன். ஓய்வு கிடைத்தால் தொலைநோக்கியோடு குளக்கட்டில் நிற்பவன். அதனால் மாட்டுக்காரரும் கேட்டார்கள், பறவை பார்க்கிறவர்களும் கேட்டார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

உந்தச் செய்தி உண்மையே? பறவை உண்ணி காவுமோ?

உண்மைதான். புதுச் செய்தியும் இல்லை. ஹரி ஹூக்ஸ்ட்ரால் என்ற அமெரிக்க உண்ணி ஆய்வாளர் கெய்ரோவில் இருந்துகொண்டு 1950களிலும் 60களிலும் எகிப்து வழியாக வலசை போன பறவைகளைப் பிடித்துப் பார்த்தார். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே பறந்த சிறு பறவைகளில் உண்ணிகள் ஒட்டியிருந்தன. ஆபிரிக்க உண்ணி வடக்கே போனது, வடக்கத்திய உண்ணி தெற்கே வந்தது. அதற்குப் பிறகு சுவீடன் முதல் ஜப்பான் வரை பறவையின் காலில் அடையாள வளையம் போடுகிற பல இடங்களில் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். உண்ணியை நசுக்கி உள்ளே என்ன கிருமி என்று பார்க்கும் வசதி வந்தபின் பொரெலியா, ரிக்கெட்சியா, அனாபிளாஸ்மா என்று பக்டீரியாப் பெயர்கள் வரிசையாக வந்தன.

செய்தியில் பிழை இல்லை. அதைப் படித்துவிட்டு வன்னியில் இருக்கிற நாங்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்பதில்தான் பிழை.

பறவையில எந்த இடத்தில உண்ணி இருக்கும்? நாங்கள் ஒருநாளும் காணேல்லையே.

காண்பது கஷ்டம். பறவை நாள் முழுக்கச் சொண்டால் இறகு கோதிக்கொண்டே இருக்கும்; சொண்டு எட்டுகிற இடத்தில் உண்ணி நிலைக்காது. எட்டாத இடம் தலைதான். கண் இமை ஓரம், சொண்டு தொடங்கும் மூலை, காது, தாடை, பிடரி.

ஒருமுறை பாடசாலைக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவி ஒன்றைக் கையுறை போட்டுத் தூக்கிப் பார்த்தேன். இமயமலை அடிவாரப் பக்கம் கூடு கட்டி, மாரிக்கு இங்கே வந்து, பற்றைக்குள் சருகைக் கிளறித் திரிகிற பறவை அது. கண்ணைச் சுற்றி, இறகு மெலிந்த தோலில், குரக்கன் மணிகளை ஒட்டி வைத்தாற்போல் சாம்பல் நிறத்தில் சில உண்ணிகள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால்தான் கால் தெரிந்தது. ஒன்றுக்கு ஆறு கால். அதாவது முட்டையிலிருந்து வந்த குஞ்சு, முதல் சாப்பாட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒன்று கொஞ்சம் பெரிது, எட்டுக் கால். அது அடுத்த பருவம். மாட்டின் காதடியில் தொங்குகிற கொழுத்த உண்ணியைத் தேடினால் பறவையில் கிடைக்காது. பறவையில் இருப்பவை பெரும்பாலும் இந்தப் பொடிகள்தான்.

பொடி உண்ணி அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? இடையில விழுந்திடாதோ?

உண்ணியின் வாழ்க்கையில் முட்டைக்குப் பிறகு மூன்று பருவம்: ஆறுகால் குஞ்சு, எட்டுக்கால் இளசு, வளர்ந்தது. பல இனங்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை, ஒரு விலங்கில் இரத்தம் குடித்து, விழுந்து, தோல் உரித்து, அடுத்த பருவத்துக்கு வேறொரு விலங்கைத் தேடும். குஞ்சும் இளசும் எலி, அணில், பறவை என்று சின்ன உடம்புகளில் ஏறும். வளர்ந்தது மாடு, மான், பன்றி என்று பெரியதில் ஏறும்.

ஏறினால் உடனே இறங்காது. குஞ்சோ இளசோ இரத்தம் குடித்து முடிக்க மூன்று முதல் ஆறு நாள் வரை எடுக்கும். வாயைத் தோலுக்குள் செருகி, பசை போன்ற ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வலசைப் பறவை ஓர் இரவில் சில நூறு கிலோமீற்றர் பறந்துவிடும். கணக்குப் பார்த்தால், ஒரு நாட்டில் ஏறிய உண்ணி இன்னொரு நாட்டில் வயிறு நிரம்பி விழுவதில் அதிசயம் இல்லை.

விழுந்தபின் என்ன ஆகிறது என்பதைத்தான் செய்திகள் எழுதுவதில்லை. பெரும்பாலானவை செத்துப்போகும். உண்ணிக்குப் பெரிய எதிரி வெயிலும் வறட்சியும். ஈரமான சருகுக்குள் விழ வேண்டும், தோல் உரிக்க வேண்டும், அடுத்த விலங்கு கிடைக்க வேண்டும், வளர்ந்தபின் அதே இனத்தில் சோடி கிடைக்க வேண்டும். பரந்தன் வெட்டையில் ஆடி மாத வெயிலுக்குள் விழுந்த குளிர்நாட்டு உண்ணிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

கிருமி பறவையின்ர இரத்தத்திலயும் இருக்குமோ, இல்லாட்டி உண்ணியில மட்டும்தானோ?

நல்ல கேள்வி, இரண்டும் நடக்கும், ஆனால் கிருமிக்குக் கிருமி வேறுபடும்.

லைம் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் லைம் என்ற ஊர்ப்பக்கம் 1975இல் பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வந்ததில் தொடங்கிய கதை அது. 1982இல் வில்லி பர்க்டோர்ஃபர் குழுவினர் உண்ணியின் குடலுக்குள் பொரெலியா என்ற சுருள் பக்டீரியாவைக் கண்டதாக வெளியிட்டார்கள். அந்தப் பொரெலியாக் குடும்பத்தில் காரினீ என்ற வகைக்கு ஐரோப்பாவில் தரையில் இரை தேடும் சில பறவைகள் உண்மையான இருப்பிடம். சுத்தமான உண்ணிக் குஞ்சு அந்தப் பறவையில் குடித்தால் அதற்கும் கிருமி தொற்றும். வட கடல்களில் கூட்டமாகக் கூடு கட்டும் கடற்பறவைகளிலும் இதே வகை சுற்றுகிறது.

எங்களுக்கு அதிகம் சம்பந்தமான ரிக்கெட்சியா வேறு மாதிரி. அதில் பல வகை, தாய் உண்ணியின் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. அங்கே பறவை பெரும்பாலும் சுமைகாவிதான். சாப்பாடு கொடுத்து, இடம் மாற்றி விடுகிறது.

வங்காலைக்கு வாற பூநாரை, வாத்துக் கூட்டத்தால எங்களுக்கு ஆபத்தோ?

இந்தக் கேள்விதான் ஆகக் கூடுதலாக வந்தது. மன்னாரில் உள்ள வங்காலை 2008இல் சரணாலயம் ஆனது, 2010இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மாரியில் நிற்கிற பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் பார்க்கக் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கூட்டம் பெரிது, தூரத்தில் இருந்து வருகிறது. ஆகவே உண்ணியும் அதில்தான் வரும் என்று மனம் கணக்குப் போடுகிறது.

கணக்கு தலைகீழ். உண்ணி புல்லின் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, உரசிப் போகிற உடம்பில் தொற்றிக்கொள்வது. உப்புத்தண்ணீரில் முழங்கால் அளவில் நிற்கிற பூநாரையும், குளத்து நடுவில் மிதக்கிற வாத்தும் அதற்கு எட்டாது. மன்னாரில் உடம்பில் கருவி பொருத்தி விட்ட கடற்காகங்கள் 2021இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனதைச் செய்மதி வழியாகப் பார்த்தார்கள். எவ்வளவு தூரப் பயணம்! ஆனால் அவை மணலிலும் கடலிலும் வாழ்பவை. உங்கள் வளவுப் பற்றைக்குள் வந்து அவை எதையும் கொட்டப்போவதில்லை. ஆகாயத்திலேயே பூச்சி பிடிக்கும் தகைவிலானும் அப்படித்தான்.

அப்ப எந்தப் பறவையில கூட இருக்கும்?

தரையில் நடக்கிறது, சருகு கிளறுகிறது, பற்றைக்குள் நுழைகிறது: இந்த மூன்றும் இருந்தால் உண்ணி இருக்கும். காட்டுக்கோழி, மயில், செண்பகம், புலுனிக் கூட்டம், மைனா, கௌதாரி, மாரியில் வருகிற ஆறுமணிக்குருவி. இவற்றில் ஆறுமணிக்குருவியைத் தவிர மற்றதெல்லாம் ஊர்ப் பறவை. கடல் கடந்து எங்கேயும் போகாது.

அவை போகிற தூரம் சின்னது. காலையில் காட்டு ஓரம், பத்து மணிக்கு மாட்டுப் பட்டி, மத்தியானம் கிணற்றடி, பின்னேரம் நெல் காயப்போட்ட முற்றம். இந்தச் சின்ன நடைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மானிலும் பன்றியிலும் வளர்ந்த உண்ணியின் பிள்ளைகள் காட்டு ஓரத்துச் சருகில் கிடக்கும். அதை மயிலோ புலுனியோ வேலிக்குள் கொண்டுவந்து விடும். அது வளர்ந்து மாட்டில் ஏறும். பறவை தராவிட்டாலும் எலியும் கீரியும் இதே வேலையைச் செய்யும், மாடு தானே காட்டுக்குள் போய் இதைவிடப் பல மடங்கு கொண்டுவரும். ஆகையால் எல்லாப் பழியையும் மயிலின் தலையில் போட வேண்டாம். மயில்மேல் வயற்காரருக்கு ஏற்கெனவே போதிய கோபம் உண்டு.

லைம் நோய் இஞ்ச வருமோ?

அதைப் பரப்பும் ஐரோப்பிய, அமெரிக்க உண்ணி இனங்கள் குளிரான, ஈரமான காடுகளுக்கு உரியவை. வன்னியின் கோடையில் அவை குடியேறித் தழைப்பது நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை. வெளிநாட்டில் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்த உறவினருக்கு வட்டமான சிவப்புத் தழும்பு பரவிக்கொண்டு போனால், அப்போது டொக்டரிடம் லைம் பற்றிக் கேளுங்கள்.

எண்டால் வன்னியில உண்ணியால வாற காய்ச்சல் எது?

"உண்ணிக்காய்ச்சல்" என்று ஊரில் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு நோய் இருக்கிறது. இரண்டையும் அரசாங்கப் பதிவில் டைபஸ் காய்ச்சல் என்ற ஒரே தலைப்பில்தான் போடுவார்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அட்டவணையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் உள்ளதால், இனங்கண்ட வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார்.

ஒன்று ஸ்க்ரப் டைபஸ். வடக்கில் அதிகம் காண்பது இதுதான். இதைப் பரப்புவது நாங்கள் அறிந்த உண்ணியே இல்லை. அதன் ஒன்றுவிட்ட சொந்தம், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. சிவப்பு நிறம், கால் மில்லிமீற்றர் அளவு. வளர்ந்தபின் அது மண்ணுக்குள் வேறு சிறு பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும். குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஒரேயொரு முறை எலியிலோ தரைப் பறவையிலோ மனிதரிலோ ஏறும். கிருமி இங்கேயும் தாயிலிருந்து முட்டைக்குப் போகிறது. கைவிட்ட காணி, பற்றை ஏறிய வளவு, வயல் வரம்புப் புல், இவை அதன் இடம். மீள்குடியேற்றத்தின்போது வருடக்கணக்காகக் காடு மூடிக் கிடந்த வளவுகளை வெட்டித் துப்புரவாக்கியவர்கள் போய்ப் புகுந்தது சரியாக இந்த இடத்துக்குள்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் நின்ற படையினர் இந்தக் காய்ச்சலால் பட்ட பாடு பெரிது.

மற்றது புள்ளிக்காய்ச்சல். இது ரிக்கெட்சியா, உண்மையான உண்ணி கடித்து வருவது. மலைநாட்டுப் பக்கம் கூடுதலாகப் பேசப்படும். உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வரும், மூட்டு வலி கடுமையாக இருக்கும். ரிக்கெட்சியா என்ற பெயர் ஹவர்ட் ரிக்கெட்ஸ் என்பவருடையது. அமெரிக்காவின் மலைப்பகுதிப் புள்ளிக்காய்ச்சல் உண்ணியால் பரவுகிறது என்று 1906இல் காட்டியவர் அவர். 1910இல் மெக்சிக்கோவில் டைபஸ் ஆய்வில் இருந்தபோது அதே டைபஸ் பிடித்து இறந்தார்.

இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, விலை குறைவு, பெரும்பாலும் டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக். சரியான நேரத்தில் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். ஆஸ்பத்திரியில் ஆபத்தான கட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பிந்தி வந்தவர்கள்.

கறுப்புப் பொருக்கு எண்டு டொக்டர் தேடினவர். அது என்ன?

கடித்த இடத்தில் முதலில் சின்னப் பரு, பிறகு நடு கறுத்துப் பொருக்காகிவிடும், சுற்றிலும் சிவப்பு. சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது, ஆகவே ஆளுக்கே தெரியாது. இருக்கிற இடங்களும் அப்படி: தொடை இடுக்கு, அக்குள், சாரம் கட்டுகிற இடுப்பு, மார்புக்குக் கீழ், முழங்கால் மடிப்பு. ஆண் டொக்டரிடம் பெண்கள் காட்டத் தயங்குவார்கள். அப்பு, ஆச்சிமார் கேட்டாலும் "ஒண்டும் இல்லை பிள்ளை" என்று விடுவார்கள். வீட்டிலேயே யாராவது பார்த்துவிட்டுப் போய் டொக்டரிடம் சொல்வது நல்லது. பொருக்கு இல்லாமலும் நோய் வரும்; இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம், அவ்வளவுதான்.

இந்தியாவில குரங்குக் காய்ச்சல் பறவையாலதான் வந்ததாம். எங்களுக்கும் வருமோ?

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வட்சப்புக்கு முன்பே பறவைமேல் பழி விழுந்த கதை இது.

கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கயாசனூர் என்ற காட்டில், 1957இல் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குள் போய்வந்த சனத்துக்கும் கடும் காய்ச்சல், இரத்தக் கசிவு. கிருமியை ஆராய்ந்தால் அது ரஷ்யாவின் உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவு. சைபீரியா எங்கே, சிமோகா எங்கே? நடுவில் வருடாவருடம் பறந்து வருவது எது? வலசைப் பறவை. சந்தேகம் அங்கே போனது. உலக சுகாதார நிறுவனம் உதவி செய்ய, பறவை ஆய்வாளர் சலீம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959இல் பறவைகளைப் பிடித்து வளையம் போடவும் உண்ணி சேகரிக்கவும் தொடங்கியது. பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் போட்டார்கள். இந்தியப் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று இன்றைக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி அந்த வேலையால் கிடைத்தது. ஆனால் அந்தக் காய்ச்சலைப் பறவைதான் கொண்டுவந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கிடைத்த விளக்கம் நிலத்தோடு சம்பந்தப்பட்டது. காட்டை வெட்டி ஊரும் வயலும் உள்ளே போயின. மாடுகள் காட்டுக்குள் மேய்ந்தன. வளர்ந்த உண்ணிக்கு மாடு நல்ல சாப்பாடு. உண்ணி பெருகியது, குஞ்சும் இளசும் எலியிலும் பறவையிலும் குரங்கிலும் ஏறின, விறகுக்குப் போன மனிதரிலும் ஏறின. அதே உண்ணி இனம் இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காய்ச்சல் உறுதிப்பட்டது இந்தியாவில்தான். அது பக்டீரியா இல்லை, வைரஸ். ஆகவே டொக்சிசைக்கிளின் அதற்குச் சரிவராது. ஆனாலும் காடு, ஊர், மாடு மூன்றும் சந்திக்கிற இடத்தைப் பற்றி அது சொல்வது முத்தையன்கட்டுக்கும் நெடுங்கேணிக்கும் பொருந்தும்.

உது பறவைக் காய்ச்சல்தானே?

இல்லை. பறவைக் காய்ச்சல் இன்ஃப்ளுவென்சா வைரஸ். எச்சம், சளி வழியாகக் கோழிகளுக்குள் பரவுவது. உண்ணிக்கு அதில் வேலை இல்லை. கோழிகள் கூட்டமாகச் செத்தால் கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

எங்கட கோழிக்கூட்டில இருக்கிற உண்ணி காட்டுப் பறவையில இருந்து வந்ததோ?

வந்திருக்கலாம், வாங்கிய கோழியோடும் வந்திருக்கலாம். கோழியுண்ணி தனி இனம். தட்டையாக, தோல் சுருங்கினாற்போல் இருக்கும். முதுகில் ஓடு இல்லை. வளர்ந்ததைப் பகலில் கோழியில் தேடினால் அகப்படாது. கூட்டுப் பலகை இடுக்கில், தடியின் வெடிப்பில், கிடுகின் மடிப்பில் ஒளிந்திருக்கும். இரவில் வந்து அரை மணி, ஒரு மணி நேரம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கூட்டைக் கொஞ்சக் காலம் வெறுமையாக விட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இது பொரெலியா அன்செரினா என்ற பக்டீரியாவைக் கோழிக்குக் கொடுக்கும். கோழி தூங்கி விழும், பச்சையாகக் கழியும், கால் இழுக்கும், சாகும். மனிதருக்கு அந்த நோய் வராது. டோர்ச் எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது பத்து மணிக்குக் கூட்டுக்குப் போய்த் தடியைப் பாருங்கள்; அவை நடந்து வருவதைக் காணலாம். வெடித்த பழைய பலகையை எரித்துவிட்டு இடுக்கில்லாத தடி போடுவதும், இடுக்குகளுக்குக் கால்நடை வைத்தியர் சொல்கிற மருந்தை அடிப்பதும்தான் வழி.

கொக்கு மாட்டில இருந்து உண்ணி பொறுக்குதே, அது காணாதோ?

உண்ணிக்கொக்கு மாட்டோடு நடப்பது முக்கியமாக, மாடு கிளப்பிவிடும் வெட்டுக்கிளிக்கும் ஈக்கும். உண்ணியையும் கொத்தும், காகமும் மைனாவும் காதுக்குள் புகுந்தே எடுக்கும். நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். கொக்கை நம்பி மருந்து அடிக்காமல் விட்டால் மாடு மெலிந்து, பாபீசியா என்ற இரத்தக் கிருமி பிடித்துச் சிவப்பு மூத்திரம் போகும்வரை கொக்கு பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருக்கும்.

பிள்ளையின்ர காதுக்குள்ள உண்ணி போயிட்டுது. என்ன செய்யிறது?

இலங்கையில் இது அடிக்கடி நடப்பது; காட்டு ஓரக் கிராமங்களில் கூடுதலாக. பெரும்பாலும் இளசுப் பருவத்து உண்ணி. காதுக்குள் கடும் வலி, இரைச்சல், பிள்ளை இரவெல்லாம் அழும். ஊசி, தீக்குச்சி, பஞ்சுக்குச்சி எதையும் விடாதீர்கள். சவ்வு கிழியும், உண்ணியின் வாய் உள்ளே முறிந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வெளிச்சம் பிடித்துப் பார்த்து எடுப்பார்கள். எடுத்த பிறகும் ஓரிரு வாரம் காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

உடம்பில உண்ணி கடிச்சிருந்தால்?

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சுட்ட தீக்குச்சி, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். அதற்கு எரிந்தால் வயிற்றில் உள்ளதை உங்கள் தோலுக்குள் கக்கிவிடும். கூர் முனை இடுக்கியால் தோலோடு ஒட்டினாற்போல் தலையைப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக நேரே மேலே இழுங்கள். இடுக்கி இல்லாவிட்டால் விரலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். நகத்தில் வைத்து நசுக்கிச் சத்தம் கேட்டுச் சந்தோஷப்படும் பழக்கம் எங்களிடம் உண்டு. அதை விடுங்கள், உள்ளே இருக்கிற கிருமி நகக்கண் வழியாகப் போகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, திகதியைக் கலண்டரில் குறியுங்கள். கிருமி உடம்புக்குள் போவதற்கு நேரம் எடுக்கும் என்பதால் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

பாலைப்பழம் பொறுக்க, தேன் எடுக்க, விறகுக்கு, தொலைந்த மாடு தேட என்று காட்டுக்குள் போனவர்கள் வீட்டுக்கு வந்தவுடன் உடுப்பைக் கழற்றி வெந்நீரில் போட்டு, தேய்த்துக் குளித்து, உடம்பைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியும் இந்தத் தேய்ப்பில் போய்விடும். காட்டில் இருக்கும்போது உடுப்பைப் புல்லிலும் பற்றையிலும் காயப்போடுவது, சருகுமேல் வெறும் உடம்போடு படுப்பது இரண்டையும் தவிருங்கள்.

காய்ச்சல் வந்தால் எப்ப ஆஸ்பத்திரிக்குப் போறது? டெங்கு எண்டு சொல்லுவினம்.

மாரியில் வன்னியில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றும் ஒரே மாதிரித் தொடங்கும்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. வீட்டில் இருந்து பிரிக்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் போய் இரத்தம் பார்க்க வேண்டும். நோவுக்கென்று அஸ்பிரின், புரூஃபன் போட வேண்டாம். டெங்காக இருந்தால் அது இரத்தக் கசிவைக் கூட்டும். பனடோல் அளவோடு போடலாம்.

டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியது, கடைசி மூன்று வாரத்துக்குள் எங்கே போனீர்கள் என்பது. ஸ்க்ரப் டைபஸ் கடித்து ஆறு நாளிலும் வெளிக்காட்டும், இருபது நாள் கழித்தும் வெளிக்காட்டும். "காட்டுக்குப் போனது போன மாசம், காய்ச்சல் இப்பதானே" என்று அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் காய்ச்சல் இறங்காவிட்டால், "உண்ணிக்காய்ச்சலாக இருக்குமோ ஐயா" என்று கேட்பதில் பிழையே இல்லை. மிச்சம் கிடக்கிற அன்ரிபயோட்டிக்கை வீட்டில் எடுத்துப் போடுவதில்தான் பிழை. கர்ப்பிணிகள் முதலிலேயே அதைச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் மருந்து வேறு.

அடிபட்ட பறவையைத் தூக்கலாமோ? வேட்டை இறைச்சி?

வெறுங்கையால் வேண்டாம்; பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்குங்கள். உடம்பு குளிர்ந்தால் உண்ணி இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும், அது உங்கள் கையாக இருக்கலாம். வேட்டை சட்டப்படி குற்றம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குப் பதில்: இறைச்சி நன்றாக வெந்தால் இந்தப் பக்டீரியாக்கள் சாகும். உரித்துச் சுத்தம் செய்கிற ஆளுக்குத்தான் ஆபத்து.

அப்ப முற்றத்தில பறவைக்குத் தண்ணி வைக்கிறதை நிப்பாட்டவோ?

வையுங்கள். சட்டியைத் தினமும் கழுவுங்கள், நுளம்பு முட்டை இடும். பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சருகு கூட்டிய வெட்டையில் வையுங்கள். வேலி ஓரப் பற்றையை வெட்டி, சருகை அள்ளி, வீட்டைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் நிலம் விட்டால் உண்ணிக்கும் எலிக்கும் சேர்ந்து இடம் இல்லாமல் போகும். மரத்தை வெட்டத் தேவையில்லை.

மாட்டுக்கும் நாய்க்கும் எந்த மருந்து நல்லது?

பெயரை எழுதமாட்டேன், உண்ணி ஒரே மருந்துக்குப் பழகிவிடும், உங்கள் பகுதியில் எது வேலை செய்கிறது என்று அங்கிருக்கும் கால்நடை வைத்தியருக்குத்தான் தெரியும். அளவைக் குறைத்து அடிக்காதீர்கள். காதின் உட்புறம், வாலின் அடி, மடி, கால் இடுக்கு, இந்த இடங்களை விட்டுவிட்டு முதுகை மட்டும் நனைப்பது வீண் வேலை. பால் மாடு என்றால் அடித்தபின் எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்று கேட்டு அறியுங்கள். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை மாட்டுக்கு அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடும் விழுந்திருக்கிறது, அடித்தவரும் விழுந்திருக்கிறார்.

நாய் காட்டுக்குள் போய் வருகிறதென்றால் அதைப் பிள்ளைகளின் பாயில் படுக்க விடாதீர்கள். காது மடலையும் விரல் இடுக்கையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

நாய்க்குப் பூசிற உண்ணி மருந்தைப் பூனைக்கும் பூசலாமோ?

கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து உள்ளது என்றால் பூனை செத்துப்போகலாம். பூசிய நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதையும் மருந்து காயும்வரை தடுங்கள்.